ஸ்பேனர் அக்காவும் எட்டாவது விதியும்

அந்தச் சங்கத்துக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் பெரிய சாலையைப் பார்த்து இருந்தது. கண்ணாடிக் கதவு, காலுக்கு மெத்தென்ற விரிப்பு, உள்ளே நுழைந்ததும் முகத்தில் படும் குளிர்காற்று. நன்கொடை தருபவர்கள் அந்த வழியாக வருவார்கள். பின்வாசல் சந்துக்குள் இருந்தது. இலவசமாகச் சக்கர நாற்காலி பெறுபவர்கள் அந்த வழியாக வருவார்கள். ஏனென்றால் சாய்தளம் அங்கேதான் இருந்தது. முன்பக்கம் நான்கு படிகள். நடக்க முடியாதவர்களுக்காக நடக்கும் ஒரு சங்கம் தன் முன்வாசலில் படி கட்டி வைத்திருப்பதைப் பற்றி அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தவர் ஒருவர் உண்டு. அவர் பின்பக்கப் பட்டறையில், எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு, ஏதாவது ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

அவரை எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்றார்கள். ஸ்பேனர் அவர் கைக்கு வந்தது பத்து வருடம் வேலை பார்த்த தையல் ஆலையில். அங்கே மெஷின் நின்றால் மெக்கானிக் ஆடி அசைந்து வருவார். மெஷின் நின்ற நேரத்துக்குக் கூலி பிடிப்பது மட்டும் ஆடாமல் அசையாமல் உடனே நடக்கும். மெஷின் நிற்பதற்கும் தையல்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தார். அன்றைக்கும் கூலியைப் பிடித்தார்கள். ஒரு ஸ்பேனர் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறு மாதத்தில் அந்த வரிசையில் இருந்த இருபது மெஷின்களும் அவர் சொன்னதைக் கேட்டன.

அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சரிவில் லாரி நிற்காமல் போய் மதிலில் மோதியது. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் "எல்லாம் விதி" என்றார்கள். நாலைந்து நாள் பொறுத்தார். பிறகு சித்தப்பா முறையுள்ள ஒருவர் பெருமூச்சோடு "விதிம்மா" என்று ஆரம்பித்ததும் வெடித்துவிட்டார்.

"விதி இல்ல சித்தப்பா, பிரேக். மூணு தடவை முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார். மாத்தல. விதி வந்து பிரேக் பைப்பை அறுத்துச்சுன்னா, அந்த விதியோட விலாசத்தைச் சொல்லுங்க, போய்க் கேக்கறேன்."

கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் விபத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். கூடத்தில் டோக்கன் கொடுப்பவர் இருந்தார். அவரை டோக்கன்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்காரரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏய், நீ அந்த ஓரமாக் கிட. கூப்பிடறப்ப வா" என்றார். கிட! மூட்டை கிடக்கும், செருப்பு கிடக்கும். இருபது டன் சரக்கை மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுவந்த மனிதர் ஓரமாகக் கிடந்தார். பிறகு கையிருப்பில் இருந்த ஒரு நாற்காலியைக் கண்மதிப்பில் தள்ளிவிட்டார்கள். வெளியே சந்துக்கு வந்ததும் வீட்டுக்காரர், "இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்றார். ஒரு நிமிடம் கழித்து, "மிதிக்கிறதுக்கு இனிமே எங்க போறது!" என்று தானே சேர்த்துக்கொண்டார். வேடிக்கையாகச் சொன்னாரே தவிர, சபதம் சபதமாகவே நின்றது.

அதனால் அந்த நாற்காலிக்கு வந்த நோயெல்லாம் அக்கா தலையில் விழுந்தது. பஞ்சர், பிரேக், கால்மிதி, கம்பி எல்லாம் அவரே. ஒருநாள் பேரிங் ஒன்று கேட்டுச் சங்கத்துப் பட்டறைக்குப் போனவர், அங்கே ஒரு நாற்காலியின் முன்சக்கரம் முன்பின்னாக மாட்டியிருப்பதைப் பார்த்தார். பேசாமல் கழற்றி ஒழுங்காக மாட்டிவிட்டு, "பேரிங் இருக்கா?" என்றார். நாற்காலிக்கு ஆள் அளவெடுக்கும் அளவுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பேரிங்கும் இருக்கு, வேலையும் இருக்கு. எது வேணும்?" என்றார். அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். இது நடந்து ஐந்து வருடம்.

இந்த வருடம் வீட்டுக்காரரின் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மருத்துவர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். "இது உங்க உடம்புக்கு ரொம்ப அகலம். கையை விரிச்சு விரிச்சுத் தள்ளித்தான் தோள் தேஞ்சிருக்கு. அளவெடுத்துச் செஞ்ச நாற்காலிக்கு மாறுங்க. இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா கையைத் தூக்க முடியாது" என்றார்.

அளவெடுக்க ஆள் நேரில் வரவேண்டும். வீட்டுக்காரர் வர மறுத்தார்.

"நீதான் அங்கேயே வேலை பாக்கறியே. இங்க வச்சு அளந்து எழுதிக்கிட்டுப் போயேன்."

"கூடாதுங்க. எனக்கு வேண்டியவங்களுக்கு நானே அளந்தா, நாளைக்கு டோக்கன்காரர் தன் மச்சானுக்குத் தானே டோக்கன் போட்டுக்குவார். வரிசையில காத்திருக்கறவங்க என்ன ஆவாங்க?"

"அப்ப தோள் போனா போகட்டும். கிடன்னு சொன்ன இடத்துல போய் இன்னொரு தடவை கிடக்க மாட்டேன்."

அவர் பிடிவாதத்தில் தப்பு இருப்பதாக அக்காவுக்குத் தோன்றவில்லை. அதுதான் சிக்கல். தப்பு அவரிடம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது இழுத்துவந்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் தன் ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் எழுத முடிவு செய்தது. செயலாளர் ஏழு விதிகளைத் தட்டச்சு செய்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். பரிசு வாங்காதே, சங்கத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாதே, வருபவர்களின் சொந்த விஷயத்தை வெளியே பேசாதே, உறவினர் விஷயத்தில் ஒதுங்கி நில் என்று எல்லாமே நல்ல விதிகள்தான். கீழே ஒரு குறிப்பு: சேர்க்க வேண்டியது ஏதும் இருந்தால் ஊழியர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லலாம்.

முதல் விதியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. 'ஊழியர்கள் யாரையும் எதற்காகவும் அணுகிப் பரிசு வாங்க கூடாது' என்று இருந்தது. டோக்கன்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பார்த்தியாக்கா, 'வாங்க' கூடாதாம். நான்லாம் இங்க சேந்த நாள்லேருந்து இதைக் கடைப்பிடிக்கறேன். யாரையும் 'வாங்க'ன்னு சொன்னதே இல்ல" என்றார். கூடத்தில் இருந்த ஊழியர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றார். அடடே, உண்மைதானே என்று அவருக்கு உறைத்தது.

பட்டறைக்கும் கூடத்துக்கும் நடுவே, இரண்டு வாசல்களும் தெரியும் ஒரு ஜன்னல் உண்டு. அன்றிலிருந்து ஒரு மாதம், பழுதுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அக்கா கோடு போட்டார். 'வாங்க, உட்காருங்க' என்று யாராவது அழைக்கப்பட்டால் ஒரு பக்கம் கோடு. 'வா, நில்லு, ஏய்' என்றால் மறுபக்கம் கோடு. எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதையும் எழுதினார். கோபம் வந்தால் கத்துவது எளிது. கத்தினால் உனக்கு எப்போதும் கோபம் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். கோட்டிடம் அப்படித் தப்பிக்க முடியாது.

வீட்டுக்காரரிடம் சீட்டுகளைக் காட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நல்லா எண்ணியிருக்கே. அப்படியே நம்ம வீட்டையும் எண்ண வேண்டியதுதானே?" என்று சும்மா வம்புக்குக் கேட்டார்.

"எண்ணினேனே. நேத்து ஒருநாள்ல நான் உங்களுக்கு நாப்பத்தி மூணு 'ங்க'. நீங்க எனக்கு சைபர்."

வீட்டுக்காரர் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். "சரிங்க" என்றார். அன்று சாயங்காலம் பூராவும் இருவரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுப் பார்த்தார்கள். "அந்த டம்ளரை எடுங்க", "நீங்க முதல்ல காலை நகர்த்துங்க", "எங்க, அது நான் சொன்னா கேக்காதுங்க" என்று போய், சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்ததுதான் மிச்சம். கடைசியில், இது வீட்டுக்குச் சரிப்படாது, இரண்டு பேருக்கும் 'நீ'யே போதும் என்று உடன்பாடு ஆனது. மறுநாள் காலையில் அக்கா "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டபோது, வேறு யாரையோ கேட்பதாக நினைத்து வீட்டுக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஊழியர்கள் பன்னிரண்டு பேர். நடுவில் தலைவி, ஓய்வுபெற்ற மருத்துவர், அதிகம் பேசாதவர். ஏழு விதிகளையும் படித்து முடித்து, "வேற ஏதாவது?" என்று செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனார். அக்கா எழுந்தார்.

"எட்டாவதா ஒண்ணு சேக்கணும் சார். இங்க வர்ற எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசணும்."

"அம்மா, இது நடத்தை விதி. இலக்கண வகுப்பு இல்ல."

"பட்டறையிலேருந்து ஒரு ஸ்க்ரூவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா என் வேலை போகும்னு எழுதியிருக்கீங்க. சரிதான். வர்றவங்க கூடவே கொண்டு வர்ற மரியாதையை வாசல்லயே பிடுங்கி வச்சுக்கறோமே, அதுக்கு என்ன பேரு சார்?"

டோக்கன்காரருக்கு முகம் சுருங்கியது. "அக்கா, நான் யாரையும் திட்டினதே கிடையாது. பாசமாத்தான் வா, போன்னு சொல்றேன்."

"அந்தப் பாசம் ஏன் தம்பி முன்வாசல் பக்கமே போக மாட்டேங்குது?"

யாரோ கமறுவதுபோல் இருமினார்கள். செயலாளர், "பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாது, ஆதாரம் வேணும்" என்றார். அக்கா மேலங்கிப் பையிலிருந்து ரப்பர் போட்ட சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு மாசத்துல பின்வாசல் வழியா இருநூத்திப் பன்னண்டு பேரு. 'ங்க' கிடைச்சது ஆறு பேருக்கு. அதுல நாலு பேரை ஆய்வுக்கு வந்த அதிகாரிங்கன்னு தப்பா நெனச்சதால."

"மீதி ரெண்டு?" என்றார் தலைவி.

"ஒருத்தர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொருத்தர் ஃபோன்ல இங்கிலீஷ் பேசிக்கிட்டே வந்தார். முன்வாசல்ல பத்தொன்பது 'ங்க'. ஒண்ணுகூடத் தவறல. அதுல ஒண்ணு நாய்க்கு."

தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாய்க்கா?"

"பழுப்பு நாயோட ஒரு அம்மா வந்தாங்களே. செயலாளர் சார் வாசல் வரைக்கும் போய் 'வாங்க வாங்க'ன்னு அவங்களைக் கூப்பிட்டார். அப்புறம் குனிஞ்சு நாய்கிட்ட 'நீங்களும் வாங்க'ன்னார். பதினோரு மணி அஞ்சு நிமிஷம். எழுதி வச்சிருக்கேன்."

செயலாளர் திணறினார். "அது... அது நல்ல ஜாதி நாய்ம்மா."

"அதேதான் சார் நானும் சொல்ல வர்றேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. செயலாளர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பிலேயே இருபது வருடம் வாழ்ந்தவர். அந்த நினைப்பு ஏற ஏற எதிரில் இருப்பவர் உயரம் குறைந்துகொண்டே போகும் என்பதை அவர் கவனித்ததில்லை. அவரிடம் ஒரு கடைசி ஆயுதம் இருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு அளவு நாற்காலி வேணும், அவர் இங்க வர மாட்டேங்கிறார்னு கேள்விப்பட்டேன். அப்ப இது உங்க சொந்த விஷயம். நாலாவது விதி என்ன சொல்லுது?"

"ஒதுங்கி நிக்கச் சொல்லுது" என்றார் அக்கா. "உண்மைதான் சார். நானே முதல்ல சொல்லியிருக்கணும். கோடெல்லாம் சீட்டுல இருக்கு, பார்த்துக்குங்க. நான் வெளியில இருக்கேன்."

பட்டறைக்கு வந்து, இறுக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டும்போது வீட்டுக்காரர் வலது கையை இடது கையால் தூக்கி விடுவது கண்ணுக்குள் வந்து வந்து போனது. கால்மணி நேரம், அரைமணி நேரம். ஒருமுறை உள்ளே பெரிதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நல்லதற்கா கெட்டதற்கா என்று கதவு சொல்லவில்லை. கடைசியில் டோக்கன்காரர் தலையை நீட்டினார்.

"அக்கா, உள்ள வா..." நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். "...ங்க."

அப்படித்தான் அக்காவுக்குத் தீர்ப்புத் தெரிந்தது. சிரிப்புக்கும் காரணம் தெரிந்தது. விதியை எழுதும்போது செயலாளர் 'இச்சங்கத்தில் காலடி வைக்கும் ஒவ்வொருவரையும்' என்று ஆரம்பித்திருக்கிறார். தலைவி, "இங்க வர்றவங்கள்ல எத்தனை பேரு காலடி வைக்கறாங்க?" என்று கேட்டு அந்த வரியை அடித்திருக்கிறார். 'இங்கே வரும் ஒவ்வொருவரையும், வேலை செய்யும் ஒவ்வொருவரையும் மரியாதைப் பன்மையில் மட்டுமே அழைக்க வேண்டும்' என்று எட்டாவது விதி சுவரில் ஏறியது. ஒற்றுப் பிழை இல்லாமல்.

அடுத்த இரண்டு வாரம் டோக்கன்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. எங்கே 'ங்க' போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் போட்டார். தொட்டிலை விட்டு இறங்காத குழந்தையிடம், "அழாதீங்க, உங்க அம்மா வந்துடுவாங்க" என்றார். ஜன்னலில் உட்கார்ந்த காக்கையை "போங்க, போங்க" என்று விரட்டினார். "அக்கா, ரெண்டாம் நம்பர் நாற்காலியோட சக்கரம் பஞ்சர் ஆயிட்டாருங்க" என்று பட்டறைக்குத் தகவல் சொன்னார். வீட்டில் வாய் தவறி, "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றிருக்கிறார். அவர் மனைவி தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன தப்பு பண்ணிட்டு வந்தே?" என்று கேட்டாராம்.

ஆனால் வீட்டுக்காரர் அசையவில்லை. "காகிதத்துல எழுதினா நாக்குல வந்துடுமா?"

"வராது. பழகணும். ஏழாவது விதியில புகார் எழுத இடம் இருக்கு. நீ வந்து பாரு. மரியாதை குறைஞ்சா எழுது. பேனாவும் நானே தர்றேன்."

"அட, புகாரா?" வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதுக்குன்னா வர்றேன். அளவு குடுக்கறதுக்கு இல்ல, சொல்லிட்டேன்."

"விதி விதின்னு எல்லாரும் உன் தலையில எழுதினாங்களே, இப்ப நீ ஒண்ணு அவங்க தலையில எழுது."

செவ்வாய்க்கிழமை காலையில் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, பையில் பேனா குத்தி, போருக்குப் போகிறவர் மாதிரி பின்வாசல் சாய்தளத்தில் ஏறினார். அக்கா பட்டறைக்குள் போய்விட்டார். ஒதுங்கி நிற்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

டோக்கன்காரருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "வணக்கம், வாங்க, உட்காருங்க!"

"உட்கார்ந்துதான் ஏழு வருஷம் ஆச்சுங்க."

கூடத்தில் காத்திருந்த பதினைந்து பேரும் சிரித்தார்கள். அதில் பத்துப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்து வந்தவர்கள்தான். டோக்கன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் டோக்கனை நீட்டினார். வீட்டுக்காரர் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதுவரை எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் முறை வந்ததும் அளவுக்காரர் நாடாவோடு வந்து, "வந்ததுதான் வந்தீங்க, அளவையும் பார்த்துடலாமா?" என்றார். வீட்டுக்காரர் யோசித்தார். வம்பு ஏதாவது நடக்கலாம் என்ற நம்பிக்கையில் தலையாட்டினார். நாடாவின் மறுநுனியைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அக்கா பிடிக்கக் கூடாது. டோக்கன்காரர் குனிந்து பிடித்தார். இடுப்பு அளவு சரியாகப் படிந்த நேரம், சட்டைப் பையிலிருந்து பேனா சரிந்தது, வீட்டுக்காரர் அதைப் பிடிக்கத் திரும்பினார், நாடா நழுவியது.

"ஏய்! ஆடாதே!"

ஏழு வருடத்துக்கு முந்தைய அதே குரல். வீட்டுக்காரரின் விரல்கள் பேனாமேல் இறுகின. ஜன்னலுக்குப் பின்னால் அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அந்த ஒரு சொல்லுக்காக இப்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனால் இனி வரவே மாட்டார், தோளும் போனதுதான். டோக்கன்காரர் முகம் சிவந்து, வெளுத்து, வேர்த்தது. கண் சுவரில் எட்டாவது விதியைத் தேடியது.

"...ங்க" என்றார், தாமதமாக வந்த ரயில் மாதிரி. "ஆடாதீங்க. மன்னிச்சுக்குங்க. நாக்கு பழசுங்க."

வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஆடாதேவைச் சரி பண்ணிட்டீங்க. முன்னாடி ஒரு 'ஏய்' வந்துச்சே, அதை என்ன பண்ணப் போறீங்க தம்பி?"

டோக்கன்காரர் உண்மையாகவே யோசித்தார். "ஏய்... ங்க?"

முதலில் வெடித்தது வீட்டுக்காரர்தான். உடம்பு குலுங்க, நாற்காலி குலுங்க, கண்ணில் நீர் வழிய அவர் சிரித்த சிரிப்பில் கூடமே சேர்ந்துகொண்டது. நாடாவைப் பிடித்தபடி அளவுக்காரர் கத்தினார்: "ஐயா, சிரிக்காதீங்க, இடுப்பு அளவு மாறுது!"

பதினாறு அங்குலம். இத்தனை வருடம் பதினெட்டு அங்குல நாற்காலியைக் கட்டி இழுத்திருக்கிறார். அளவுக்காரர் முதுகு, தொடை, முழங்கால் எல்லாம் அளந்து, எழுதியதைப் படித்துக் காட்டினார். வீட்டுக்காரர் பேனாவை எடுத்து அளவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். வரிசைப்படி மூன்று வாரம் என்றார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் இன்னும் கூடத்தில்தான் இருந்தார்.

"போலாமா? அதான் வேலை முடிஞ்சுதே."

"இரு. இன்னும் அஞ்சு பேரு பாக்கி இருக்காங்க. அந்தத் தம்பி ஒவ்வொருத்தரையா எப்படிக் கூப்பிடறார்னு கேட்டுட்டு வர்றேன். காதுக்கு நல்லா இருக்கு."

அக்கா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவர் பக்கமாக நகர்த்தினார்.